நல்ல தண்ணிக்கு எவ்ளோ தூரம்

எண்பத்து மூன்றாம் வருடத்துக் கோடையில் ஆரணிப் பக்கம் காற்றில் ஈரமே இல்லாமல் போயிற்று. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவர்கள், பாவு நூலுக்கு அடியில் நனைத்த சாக்கை விரித்துக்கொண்டு நெய்தார்கள். அப்படியும் பட்டு இழை அறுந்துகொண்டே இருந்தது. அறுந்ததை முடிந்து, ஒரு முழம் நெய்து, மறுபடியும் முடிய வேண்டியிருந்தது. சாக்கை நனைக்கவும் தண்ணீர் வேண்டும். கமண்டல நாகநதியில் ஊற்றுத் தோண்டியவர்கள் ஆள் ஆழத்துக்குப் போயும் ஈர மணலைத்தான் அள்ளினார்கள். தெருக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. வற்றாத கிணறுகள் சாயப்பட்டறைகளை ஒட்டி இருந்தன. அவற்றில் தண்ணீர் இருந்தது, குடிக்கத்தான் முடியவில்லை.

சேவூர் சாலைக்குத் தெற்கே இருந்த தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பொங்கலுக்குக் கோலப் போட்டி நடத்துவதற்காக ஆரம்பித்த சங்கம். அந்தக் கோடையில்தான் அதற்கு நிஜமான வேலை வந்தது. புதிதாகக் குடிநீர்க் குழாய் போடப் போகிறார்கள், முதலில் சில தெருக்களுக்குத்தான் கிடைக்கும், எந்தத் தெருக்கள் என்பதை வேலூரில் கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள் என்று செய்தி வந்தது. சங்கத்தின் செயலாளர் சக்கரவர்த்தி ஒரு பட்டுக்கடையில் விற்பனையாளர். கடைக்குள் நுழைகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எந்தச் சேலையை முதலில் விரிக்க வேண்டும் என்று தெரிந்தவன். அவன் நேராகத் தணிகாசலத்தைப் போய்ப் பார்த்தான்.

"சார், நம்ம தெருங்களையெல்லாம் ஒரு படமாப் போட்டுக் குடுங்க. வாயால சொன்னா எவனும் காதுல போட்டுக்க மாட்டான். சுவத்துல மாட்டி, இதோ பாருங்கன்னு காட்டணும்."

தணிகாசலம் வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டுக் கொடுப்பவன். மார்க்கெட் பக்கம் ஒரு மாடியறை, அதில் சாய்வு மேசை, டீ-ஸ்கொயர், கறுப்பு மை பாட்டில்கள். அவன் எழுத்தைப் பார்த்தவர்கள் அச்சடித்ததா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். சேத்துப்பட்டிலிருந்தும் முள்ளிப்பட்டிலிருந்தும்கூட ஆட்கள் தேடி வருவார்கள். தெருவில் தன்னைப் பார்த்து, "பிளான்காரர் போறாரு" என்று யாராவது சொன்னால் அவன் நடை கொஞ்சம் மெதுவாகும்.

அவன் மனைவி ஜெயம் பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. டீச்சர் பெண்டாட்டி கிடைத்ததில் அவனுக்குப் பெருமைதான். அவள் படித்திருப்பதைப் பற்றி அவன் அதிகம் நினைத்ததில்லை. அவள் வேலை பள்ளிக்கூடத்தில், தன் வேலை மாடியறையில் என்று இரண்டும் தனித்தனியாக இருந்தன.

தணிகாசலம் சித்திரை வெயிலில் டேப்பைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக அளந்தான். ஒரு கிணற்றை விடவில்லை. ஆழம், குறுக்களவு, கட்டு கல்லா செங்கல்லா, ராட்டினம் உண்டா என்று எல்லாவற்றையும் குறித்தான். சாக்கடை எந்தப் பக்கம் சரிகிறது, கரண்டுக் கம்பம் எங்கே, வேப்பமரம் எங்கே, கோயில், மாதா கோயில், ரைஸ்மில் என்று அந்தப் பகுதியில் இருந்ததெல்லாம் அவன் தாளில் ஏறியது. வற்றின கிணற்றுக்கு ஒரு குறி, பாதி வற்றினதற்கு ஒரு குறி, சாயம் இறங்கினதற்கு ஒரு குறி, உப்புக் கரித்ததற்கு ஒரு குறி. குறிகளின் விளக்கம் மட்டும் தாளின் ஒரு ஓரம் முழுக்க இறங்கியது. மேலே கொட்டை எழுத்தில், ஆரணி நகரின் தென்பகுதியிலுள்ள குடிநீர் ஆதாரங்கள் மற்றும் இதர அமைப்புகளின் விவரப் படம் என்று எழுதினான். வடக்கைக் காட்டும் அம்புக்கு இறகு வைத்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் ஒட்டி வைத்து ஜெயத்தைக் கூப்பிட்டான்.

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு கூடத்தின் அந்தக் கோடிவரை பின்னால் நடந்துபோய் நின்று பார்த்தாள்.

"இன்னா அங்க போய் நின்னுகினு பாக்கற?"

"பள்ளிக்கூடத்துப் பழக்கம். கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கிற பொண்ணுக்குத் தெரியுதான்னு பாப்பேன்." கொஞ்சம் தயங்கினாள். "கரண்டுக் கம்பம்லாம் எதுக்குங்க?"

"இருக்குதுல்ல தெருவுல?"

"இருக்குது. ஆனா கேக்கறது தண்ணியாச்சே."

"இது உங்க பள்ளிக்கூடத்து சார்ட்டு இல்ல ஜெயம். இன்ஜினியர் பாக்கப்போறது," என்றான். எழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

வைகாசியில் வேலூரிலிருந்து இன்ஜினியர் இராஜமாணிக்கம் வந்தார். பள்ளிக்கூடத்து ஹாலில் கூட்டம். ஆண்கள் பெஞ்சில், பெண்கள் பாயில். படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். இன்ஜினியர் எழுந்து போய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு மூக்கு தாளில் இடிக்கிற மாதிரி குனிந்தார்.

"ரொம்ப உழைச்சிருக்கீங்க," என்றார். "சரி, இதுல தண்ணிக்கு ரொம்பக் கஷ்டப்படற தெரு எதுங்க?"

தணிகாசலம் குறிகளை விளக்க ஆரம்பித்தான். வட்டத்துக்குள் புள்ளி இருந்தால் இது, வட்டத்தின் குறுக்கே கோடு இருந்தால் அது. சொல்லிக்கொண்டே, கிணறுகள் வற்றிப்போன பள்ளத் தெருவைத் தேடினான். அவன் போட்ட படத்தில் அவன் விரலே இரண்டு தடவை வேறு தெருவில் போய் நின்றது. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பாயிலிருந்து ஒரு பெண் குரல், "எங்க தெரு எங்க கீதுன்னே தெர்லியே," என்றது. சிலர் சிரித்தார்கள்.

இன்ஜினியர் நல்ல மனிதர். சிரிக்கவில்லை. "தப்பு ஒண்ணும் இல்லீங்க. எல்லாமே இருக்குது. அதான் கஷ்டம். வேலூர்ல மேசையைச் சுத்திப் பத்துப் பேர் உக்காந்திருப்பாங்க. டீ ஆறுறதுக்குள்ள ஒரு ஊரை முடிச்சிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவாங்க. அவங்க பார்த்த உடனே புரியற மாதிரி ஒண்ணு குடுங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் தெறக்கற அன்னிக்குத்தான் கூட்டம். டைம் இருக்குது."

அன்று மாலை ஜெயம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்திருந்தாள். அவனுக்குப் பிடித்த சாப்பாடு. ஒரு உருண்டையை விரலால் பிய்த்துப் பிய்த்துக் குழம்பில் போட்டுக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நான் அன்னிக்கே சொன்னேனே என்று அவள் சொல்லாமல் இருந்தது, சொன்னதைவிட அதிகமாக அவன் காதில் விழுந்தது.

மறுநாள் காலை அடிபம்பு வரிசையில் சக்கரவர்த்தி ஜெயத்திடம் கேட்டான். "டீச்சர், நீங்க ஒண்ணு போட்டுப் பாருங்களேன். உங்க கிளாஸ் படம் என் தங்கச்சி பொண்ணு வெச்சிருக்கா. எனக்கே புரியுது."

அவள் வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் சவரம் செய்துகொண்டிருந்தான்.

"போடேன். புள்ளைங்களுக்குப் போடறதுதானே," என்றான் கண்ணாடியைப் பார்த்தபடி.

"நீங்க வேணாம்னா போடலீங்க."

"நான் இன்னா வேணாம்னு சொன்னனா?"

கோடை விடுமுறைதான். வெயில் தாழ்ந்ததும் ஜெயம் குடையோடு கிளம்பினாள். தெருவில் யார் வீடு எது என்று காட்டச் சக்கரவர்த்தி கூடப் போனான். அவள் டேப் எடுத்துப் போகவில்லை. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: குடிக்கத் தண்ணி எங்கிருந்து எடுத்துகினு வரீங்க?

தணிகாசலம் மூன்று நாள் மாடியறையில் உட்கார்ந்து ஒரு வீட்டு பிளானின் மாடிப்படியைத் திரும்பத் திரும்ப அழித்தான். நாலாம் நாள் மாலை அறையைப் பூட்டிவிட்டு சைக்கிளை எடுத்தான். எங்கே போகிறோம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல், ஜெயம் அன்று போயிருந்த மாதா கோயில் சந்துக்குப் போனான். முனையில் ஒரு டீக்கடை. அதன் தட்டிக்குப் பின்னால் நின்றால் சந்து முழுக்கத் தெரியும்.

இன்னாசியம்மாள் என்கிற நெசவுக்காரியின் வீட்டு வாசலில் ஜெயமும் சக்கரவர்த்தியும் நின்றிருந்தார்கள். இன்னாசியம்மாள் நூல் சுற்றிக்கொண்டே பேசினாள். உள்ளே அவள் புருஷன் தறியை நிறுத்தாமல் நெய்துகொண்டிருந்தான்.

"கெணறு கொல்லையிலதான் கீது டீச்சரம்மா. தண்ணியும் கீது. அதுல சோறு வடிச்சா ரோசாக் கலர்ல வருது. கேசரி பண்ணிகிறன்னு நெனச்சிகினு புள்ளைங்க ஓடியாருதுங்க."

ஜெயம் சிரித்தாள். சக்கரவர்த்தியும் சிரித்தான். தணிகாசலம் டீயை வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டான்.

"அப்போ குடிக்கிறதுக்கு?"

"மேட்டுத் தெரு தாண்டி ரைஸ்மில்லு வரைக்கும் போவணும். காலீல ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. அந்நேரம் யாரு நூல் சுத்துறது? இவரு இழை இல்லாம சும்மா குந்திகினு இருப்பாரு." நூலைப் பல்லால் கடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "அன்னிக்கு உங்க வூட்டுக்காரரும் வந்தாரு. கெணத்துல கயிறு வுட்டு அளந்தாரு, எழுதிகினாரு, பூட்டாரு. இந்தத் தண்ணியக் குடிக்கிறியான்னு கேக்கல."

"அவரு அளவு எடுக்க வந்தாருங்க," என்றாள் ஜெயம். அவள் புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசியது தணிகாசலத்துக்கு இன்னும் எரிந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேறு வழியில் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் மார்க்கெட்டிலிருந்து கத்தரிக்காயும் முருங்கைக்கீரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது வாசற்படியிலேயே நின்றுவிட்டான். கூடத்துத் தரையில் சார்ட் தாள்களை ஒட்டிச் சேர்த்து ஒரு படம் விரிந்திருந்தது. நாலு மூலையிலும் டம்ளர். ஜெயம் சுவரோரம் மண்டியிட்டு வண்ணத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

படத்தில் தெருக்கள் வெள்ளையாக, வெறும் கோடுகளாக இருந்தன. வீடுகள் மூன்றே நிறத்தில். நல்ல தண்ணீர் தெருவிலேயே கிடைக்கிறவை வெளிர் மஞ்சள். அடுத்த தெருவுக்குப் போகிறவை ஆரஞ்சு. அதற்கும் அப்பால் நடக்கிறவை அடர்ந்த அரக்குச் சிவப்பு. நல்ல தண்ணீர் உள்ள இடங்கள் மட்டும் நீலப் புள்ளிகளாக இருந்தன. மரமும் இல்லை, கம்பமும் இல்லை. கோயில்களில்கூட எல்லோருக்கும் அடையாளம் தெரிகிற இரண்டு மட்டும்தான். தலைப்பு, அவள் கரும்பலகை எழுத்தில்: நல்ல தண்ணிக்கு எவ்ளோ தூரம்.

பள்ளத் தெருவும் சாயப்பட்டறைத் தெருவும் மாதா கோயில் சந்தும் ஒரே சிவப்பாக, துணியில் ஊறிய கறைபோல, வாசற்படியில் நின்றவன் கண்ணில் வந்து அடித்தன. கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு அடி எடுத்து வைக்காமல், ஒரு குறியைப் படிக்காமல், யாருக்குத் தண்ணீர் இல்லை என்று அவன் தெரிந்துகொண்டான். சித்திரை முழுக்க அந்தத் தெருக்களில் வெயிலில் நின்றவன் அவன். அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது.

படம் நன்றாக இருந்தது. குறை சொல்ல வேண்டும் என்று கண் தானாகத் தேடியது. ஒன்று கிடைத்தது. படத்தில் அளவுகோல் இல்லை. எத்தனை அடிக்கு எத்தனை அங்குலம் என்று எங்கும் இல்லை. தெரு நீளங்களும் கண் மதிப்பில் போட்டவை. எவ்வளவு குழாய் வேண்டும் என்று இதை வைத்து எந்த இன்ஜினியரும் கணக்குப் போட முடியாது. வேலூரில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடித்ததும் அவன் மனதில் ஒரு குளிர்ச்சி இறங்கியது. சொல்லவில்லை.

"எப்படீங்க இருக்குது?" என்றாள்.

"ம்."

"நல்லா இல்லியா?"

கீரையை முற்றத்தில் வைத்தான். "சக்கரவர்த்தி பாத்துட்டானா?"

"இல்லீங்க. நீங்கதான் மொதல்ல."

"அப்டியா. அவன் கூடத்தானே தெருத் தெருவாச் சுத்திகினு இருந்த. வாசல்ல நின்னு சிரிச்சிகினு."

ஜெயம் தட்டைக் கழுவுவதை நிறுத்தினாள். தண்ணீரில் சிவப்பும் மஞ்சளும் கலந்து செம்மண் நிறத்தில் வழிந்தது.

"எங்க பாத்தீங்க?"

"ஊரே பாக்குது. எனக்கு ரொம்பப் பேஜாரா இருக்குது ஜெயம். பிளான்காரன் பொண்டாட்டி எவன் கூடவோ..."

"எவன் கூடவோ இல்லீங்க. உங்களாண்ட கேட்டுட்டுத்தான் போனேன்." அவள் குரல் உயரவில்லை. "அவர் மேல உங்களுக்குச் சந்தேகம் இருந்தா நேராச் சொல்லுங்க. நாளைக்கே அவரோட பேசறத நிறுத்திக்கிறேன். ஆனா உங்களுக்குச் சந்தேகம் இல்ல. எனக்குத் தெரியும். உள்ள வரும்போது உங்க மூஞ்சியப் பாத்தேன். என்னை நீங்க பாக்கவேயில்ல. படத்தைத்தான் பாத்தீங்க."

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். மாட்டியதை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டு வெளியே போனான். வெயிலில் கால் போன பக்கம் நடந்தான். கோட்டை மைதானத்தில் ஆள் இல்லை. ஒரு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தான். அவள் யாருடனாவது ஓடிப்போயிருந்தால்கூட ஊர் தன் பக்கம் பேசியிருக்கும் என்று நினைத்தான். பெண்டாட்டி தன்னைவிட நன்றாகப் படம் போட்டுவிட்டாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டான். வெட்கப்பட்டபோதும் எரிச்சல் தணியவில்லை. அளவுகோல் இல்லாமல் அந்தப் படம் வேலூருக்குப் போனால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு காட்சியாக ஓட்டிப் பார்த்தான். இன்ஜினியர் கேட்கிறார். சக்கரவர்த்தி விழிக்கிறான். படத்தைச் சுருட்டிக் கையில் கொடுக்கிறார்கள். அடுத்த ஊர். அதுவரைக்கும் சுகமாக இருந்தது. அதற்கப்புறம் இன்னாசியம்மாள் ரைஸ்மில்லுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவளை அந்தக் காட்சியிலிருந்து எடுக்க முடியவில்லை.

அவன் திரும்பி வந்தபோது படத்தைச் சுருட்டி மூலையில் வைத்திருந்தாள். கத்தரிக்காய் வதங்கும் வாசனை வந்தது.

"சக்கரவர்த்தி கிட்ட நான் போடலைன்னு சொல்லிடறேன்," என்றாள் அடுப்படியிலிருந்து.

அவன் சுருளை எடுத்துத் தரையில் விரித்தான். டம்ளர்களை மூலைகளில் வைத்தான். "இதுல ஸ்கேல் இல்ல," என்றான்.

அவள் வந்து நின்றாள்.

"பள்ளத் தெரு இவ்ளோ நீளம் கெடையாது. மேட்டுத் தெருவுல பாதிதான். குழாய் எவ்ளோ அடின்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"தெரியலியே."

"என்னாண்ட அளவு இருக்குது." தலைப்பின்மேல் விரலை வைத்து, "எழுத்தும் இப்படிக் கோழி கெளறின மாதிரி இருந்தா எவன் மதிப்பான்?" என்றான்.

அடுத்த ஞாயிறு வரைக்கும் இருவரும் ஒரே தரையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அவன் தன் அளவுகளை வைத்துத் தெருக்களைத் திருத்திப் புதிய தாளில் கோடு இழுத்தான். அவள் நிறம் தீட்டினாள். அவன் மூலையில் அளவுகோல் போட்டு, தெருப் பெயர்களை எழுதினான். வடக்கு அம்புக்கு இறகு வைக்கப் பேனாவைத் தூக்கினான். அவள் பார்த்தாள். வெறும் கோடாக விட்டான். சாக்கடைச் சரிவையாவது காட்டலாம் என்று ஒருமுறை சொன்னான். "அதைக் கேட்டாங்கன்னா உங்க படத்தைக் காட்டலாங்க. இதுல வேணாம்," என்றாள். அவள் சொல்கிற ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. சரியாக இருக்கிற ஒவ்வொன்றுக்கும் அவன் தாடை இறுகியது. வேலை முடிந்ததும் பழக்கத்தில் கீழே வலது மூலையில் தன் பெயரை எழுதினான். எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினோம் என்று பார்த்தான். மை காய்ந்துகொண்டிருந்தது. ஜெயம் வண்ணக் கிண்ணங்களைக் கழுவக் கொல்லைக்குப் போயிருந்தாள். பக்கத்தில் அவள் பெயரையும் எழுத இடம் இருந்தது. அவன் தாளைச் சுருட்டினான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. ஜெயத்துக்கு லீவு கிடைக்கவில்லை. தணிகாசலமும் சக்கரவர்த்தியும் கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் சக்கரவர்த்தி பட்டு விலையைப் பற்றிப் பேசினான். டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலிருந்தே, இவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது.

கூட்ட அறையில் நீள மேசை, டீ, ஃபேன் சத்தம். ஆரணியின் முறை வந்ததும் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மேசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே, "இந்தச் சிவப்புத் தெருங்கதான், இல்லையா?" என்று கேட்டார். இராஜமாணிக்கம் அளவுகோலைப் பார்த்து மேசையிலேயே கணக்குப் போட்டு எவ்வளவு குழாய் என்று சொன்னார். அவ்வளவுதான். மூன்று சிவப்புத் தெருக்களும் முதல் கட்டத்தில் சேர்ந்தன. டீ ஆறவில்லை.

பெரியவர் படத்தின் மூலையில் பெயரைப் படித்தார். "தணிகாசலம் யாரு? நீங்களா? இப்படித்தாங்க போடணும். எல்லா ஊர்லயும் ரோட்டு மேப்பைக் கொண்டாந்து மாட்டறாங்க."

தணிகாசலம் எழுந்து நின்றான். சக்கரவர்த்தி தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் சம்சாரம் போட்டது சார்," என்றான்.

அவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. "வீட்டுல நல்ல பேரு வாங்கிட்டீங்க," என்றார் ஒருவர். "அடக்கமான ஆளு," என்றார் இன்னொருவர். தணிகாசலமும் சிரித்தான். அடுத்த ஊரின் படத்தை மாட்டினார்கள்.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுதான் சக்கரவர்த்தி வாயைத் திறந்தான். "ஒரு வாட்டி சொன்னீங்க. அதுவரைக்கும் நல்லது சார்," என்றுவிட்டுக் கடைக்குப் போனான்.

சாயங்காலம் ஜெயம் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. இன்னாசியம்மாள் ஒரு சொம்பு மோரோடு வாசலில் நின்று, "உங்க வூட்டுக்காரரு சாதிச்சிட்டாரு டீச்சரம்மா," என்றாள். ஜெயம் மோரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

"நான் போட்டதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

அவள் காத்திருந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நானும் சிரிச்சேன். ரெண்டாவது வாட்டி சொல்லல. கீழ பேரும் என்னுதுதான் எழுதியிருந்தேன்."

ஜெயம் மோரை அடுப்படியில் வைத்துவிட்டு வந்தாள். திட்டவில்லை. அன்றும் மறுநாளும் வீட்டு வேலை ஒன்றும் நிற்கவில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, கேட்டதற்குப் பதில் வந்தது. பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்வது மட்டும் நின்றுபோயிற்று. முன்பெல்லாம் அவள் சொல்வதை அரைக்காதில்தான் கேட்டிருந்தான். இப்போது சாப்பிடும்போது வீடு மௌனமாக இருந்தது.

ஆடியில் குழாய் போடக் குறி போட ஆட்கள் வந்தார்கள். தெருவில் தணிகாசலத்தை நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டவர்கள் பலர். ஒவ்வொரு கையும் அவனுக்குக் கனத்தது. மாடியறையில் உட்கார்ந்து, அந்தப் படத்தைப் போல இன்னொன்று தன்னால் போட முடியுமா என்று பார்த்தான். மூன்று தெருவை எடுத்து, மூன்று நிறம் வைத்துக்கொண்டான். அரைமணி நேரத்தில் ஒரு வேப்பமரம் வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கம்பம் வந்தது. தாளைக் கசக்கிப் போட்டான். அவளுக்கு எப்படி அவ்வளவையும் விட மனசு வந்தது என்று யோசித்தான். தனக்குத் தெரிந்ததையெல்லாம் காட்டாவிட்டால் தான் யார் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை இராஜமாணிக்கம் வீட்டுக்கே வந்தார். முதல்நாள் மழை பெய்து வாசல் சேறாகக் கிடந்தது. செருப்பைப் படியில் தேய்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ஜெயம் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"சேத்துப்பட்டுக்கும் அதே மாதிரி ஒரு படம் வேணும் தணிகாசலம்," என்றார். "மேலயிருந்தே உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க. இதுக்கு ஆர்டர் போட்டே குடுத்துடறேன்."

ஜெயம் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் காபியை எடுத்து, குடிக்காமல் வைத்தான்.

"சார், அன்னிக்கு நான் சொன்னது வெளையாட்டு இல்ல. படம் இவங்க போட்டதுதான். அளவு என்னுது, எழுத்து என்னுது. எதைக் காட்டணும், எதைக் காட்டக் கூடாதுன்னு முடிவு பண்ணது இவங்க. எனக்கு அது வரல. போட்டுப் பாத்தேன். வரல."

இன்ஜினியர் இந்த முறை சிரிக்கவில்லை. ஜெயத்தின் பக்கம் திரும்பினார்.

"அப்டீங்களா? நீங்க எப்படீங்க மூணு கலரோட நிறுத்துனீங்க? எங்க ஆளுங்க ஏழு எட்டு வெக்கறாங்க."

"நாலாவது கலர் வெச்சேன் சார். ஒரு தெரு ஆரஞ்சா சிவப்பான்னு தெரிஞ்சிக்க எனக்கே கீழ எழுதியிருக்கிறதப் பாக்க வேண்டியதா போச்சு. எனக்கே அப்படின்னா மத்தவங்களுக்கு? எடுத்துட்டேன்," என்றாள். பேச ஆரம்பித்ததும் தட்டை ஜன்னலில் வைத்துவிட்டு முன்னே வந்துவிட்டாள். சேத்துப்பட்டில் ஏரி இருக்கிறது, அங்கே தூரம் மட்டும் கேட்டால் போதாது, எந்த மாசம் வற்றுகிறது என்று கேட்க வேண்டும் என்றாள். அப்படியானால் இரண்டு படமாகப் போடலாமா என்றார் அவர். பக்கத்தில் பக்கத்தில் ஒரே அளவில் வைத்தால் பார்க்கிறவர் தானே ஒப்பிட்டுக்கொள்வார் என்றாள் அவள். காபி டம்ளரும் தண்ணிச் சொம்பும் மேசைமேல் இரண்டு படங்களாக நகர்ந்தன. இருவரும் அவனை மறந்துபோனார்கள்.

தணிகாசலம் நின்றுகொண்டிருந்தான். சொல்லிவிட்டால் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தான். இறங்கவில்லை. அன்று வாசற்படியில் கீரைக்கட்டோடு நின்றபோது இருந்த அதே எரிச்சல்தான், இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் இவ்வளவு பேசி அவன் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

இன்ஜினியர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தார். "அப்போ உங்க பேர்லயே போட்டுடறேங்க. டி.ஜெயம்னு எழுதட்டுமா?"

"டி இல்லீங்க சார்," என்றாள் ஜெயம். "ஆர். எங்கப்பா பேரு ரங்கசாமி. சர்டிபிகேட்ல அப்படித்தான் இருக்குது."

இன்ஜினியரின் பேனா தாளுக்குமேல் நின்றது. அவர் நிமிர்ந்து, ஒப்புதல் கேட்பதுபோல, தணிகாசலத்தைப் பார்த்தார்.

ஜெயமும் பார்த்தாள்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க சார்," என்றான் தணிகாசலம். "அவங்க பேரு. அவங்க சொல்றதையே எழுதுங்க."